டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிவரும் பொலீரோ பிக்அப்புகளில் சிலவற்றின் அடியில் குனிந்து பார்த்தால், கம்பெனி வைக்காத ஒரு சிறிய கிண்ணம் சேஸிஸ் ஓரமாகத் தொங்கும். உள்ளே டீசல் தெரியும். அடியில் ஒரு திருகு இருக்கும். கூடுதலாகப் பொருத்திய டீசல் ஃபில்டர் அது. எங்கள் வண்டியிலும் ஒன்று போட்டிருக்கிறோம். வண்டிக்குச் செய்த செலவுகளிலேயே எனக்கு முழு மனநிறைவு தந்தது அதுதான்.

பழைய டீசல் எஞ்சின் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். காமன் ரெயில் எஞ்சின் அப்படியில்லை. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் விற்பனைக்கு வந்த அந்த முறை, இன்று கீரைக்கட்டு ஏற்றும் வண்டி வரை வந்துவிட்டது. டீசலை 1,000 பாருக்கு மேல் அழுத்தி, தலைமுடியைவிடக் கொஞ்சமே பெரிய துளைகள் வழியாகப் பீய்ச்சுகிறது. உள்ளே உரசும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். டீசலை அழுத்தும் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. ஓடுகிற டீசலே அதற்கு மசகு. அதனால் தூசியைவிடத் தண்ணீருக்கே நான் அதிகம் பயப்படுகிறேன். தண்ணீர் வந்தால் வழவழப்பு போகும், துரு பிடிக்கும். பிறகு பம்பு, நாஸில் வேலை என்று ஒரு வெள்ளாமைக் காசு கரைந்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மார்கழிப் பனியில் பாதி காலியாக நிற்கும் டேங்கின் உள்சுவரில் வேர்க்கிறது. மழையில் மூடி சரியாக இறுகாத கேனில் இறங்குகிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். ரொம்ப நாள் தங்கினால், தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுத்த வழவழ கசடாகி ஃபில்டரை அடைக்கும்.

கம்பெனி ஃபில்டரிலேயே தண்ணீர் பிரிக்கும் அமைப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அதுதான் கடைசி வாசல். அதற்கு முன்னால் ஒரு வாசல் இருந்தால் நல்லது என்பதுதான் என் கட்சி. அந்த முதல் வாசல் ரொம்ப நுண்ணியதாக இருக்கக் கூடாது. கடைக்காரர் இரண்டு மைக்ரான் ஃபில்டரை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முப்பது மைக்ரான் போதும்; பெரிய அழுக்கும் தண்ணீரும் அதில் நிற்கட்டும், பொடி வேலையைப் பழைய ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். முன்னாலேயே நெருக்கிப் பிடித்தால் பம்புக்கு டீசல் பற்றாது; மேட்டில் லோடோடு ஏறும்போது வண்டி இழுக்காது.

எங்களுக்கு இதைப் பொருத்தித் தந்த மெக்கானிக் ஹோஸை வெட்டுவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்தார். பம்பு டீசலை உறிஞ்சி எடுக்கிற வண்டியா, டேங்குக்குள் மோட்டார் இருந்து தள்ளுகிற வண்டியா? எங்களுடையது உறிஞ்சுகிற வகை. அந்தப் பக்கத்தில் இணைப்பு தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. இளநீர்க் குழலில் ஓட்டை விழுந்த மாதிரி, டீசலுக்குப் பதில் காற்று ஏறும். காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஓடும்போது திணறும். ஈரம் தெரியாததால் காரணமும் பிடிபடாது. அதனால் டீசலுக்கென்றே வரும் ஹோஸ், சுற்றிலும் சமமாக இறுக்கும் கிளாம்ப் இரண்டுக்கும் அவர் பேரமே பேசவிடவில்லை. சைலன்சர் சூடும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் எட்டாத இடமாகப் பார்த்து வைத்தார். ஃபில்டர் மேலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்து, ஹேண்ட் பம்பை அது கல்லுப் போல இறுகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜெக்ஷன் வண்டியின் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் ஓடும். கார்புரேட்டர் பைக்குக்குப் போடும் பிளாஸ்டிக் ஃபில்டரை அதில் சொருகுவது தீயோடு விளையாடுவது. வாரண்டி முடியாத வண்டியில் லைனை வெட்டுவதற்கு முன் சர்வீஸில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

வேலை முடிந்ததும் மெக்கானிக் எனக்கு ஃபில்டரைக் காட்டவில்லை, அடியிலிருந்த திருகைக் காட்டினார். "தம்பி, மாட்டுறது பெருசில்ல. இதத் தொறந்து தண்ணிய வடிக்கலேன்னா, இது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றார். அதனால் சந்தை இல்லாத நாளில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, ஒரு பழைய டம்ளரை வைத்துத் திறந்துவிடுகிறேன். கண்ணாடி டம்ளராக இருந்தால் அடியில் தண்ணீர் தனிக் கோடாக நிற்பது தெரியும்.

அந்தக் கோடு எப்போது தடித்தது என்று கவனித்ததில், பங்க்கில் நேராக அடித்த டீசலைவிட, தோட்டத்து டிரம்மிலிருந்து ஊற்றிய டீசலில்தான் தண்ணீர் அதிகம் என்று புரிந்தது. அப்பா டிரம்மை நிழலுக்கு நகர்த்தி, ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டார். உறிஞ்சும் குழாயும் இப்போது அடியிலிருந்து நாலு விரற்கடை மேலேயே நிற்கிறது. டிரம்மின் அடியில் மிஞ்சும் டீசலைத் தெளிய வைத்து, மேலாக எடுத்து, கலப்பைக் கொழுவைத் துடைக்கிறார்.