கூட யாரும் வரலையா?

மலை என்றால் முதலில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். கொல்லிமலை ஆகாயகங்கையில் இது அப்படியே தலைகீழ். காரவல்லி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸே ஏறிவிடும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் உங்களை இறக்கிவிட்டு அது போய்விடும். அங்கிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள், எல்லாம் கீழ்நோக்கி. உடம்பில் தெம்பு இருக்கும்போது இறங்கிவிடலாம், களைத்த பிறகுதான் ஏற வேண்டும். பாதியில் போதும் என்று திரும்பினாலும் அந்தப் பாதியை ஏறித்தான் ஆகணும். கடன் வாங்கிச் செலவு செய்கிற மாதிரி ஒரு பாதை.

நான் போனது கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. பையில் ஒரு தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், துண்டு, மாற்றுத்துணி. சேலத்திலிருந்து கோயில் வாசல் போய்ச் சேர்வதற்குள் ஐந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "கூட யாரும் வரலையா?"

டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர் கேட்டார். செம்மேட்டில் டீ ஆற்றிய அண்ணன் கேட்டார். முன் சீட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு ஆள் கேட்டார். கோயில் வாசலில் பூ விற்ற அக்கா கேட்டார். கடைசியாக, படி ஆரம்பிக்கும் இடத்தில் நுழைவுச்சீட்டு கொடுத்த பெரியவர். ஐந்து பேருக்கும் நான் சொன்னது ஒரே பதில்தான்: "ஃப்ரெண்ட்ஸ் பின்னாடி வர்றாங்க." தனியாக ஊர் சுற்றும் எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பொய் தெரியும். ஹெல்மெட் மாதிரி அது. மாட்டிக்கொண்டுதான் கிளம்புவோம்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி வேறொரு இடத்தில் குத்தியது. அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் நான் தனியாக எங்கேயும் போனதில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கடைக்குப் போனாலும் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "பத்தே நிமிஷம்மா." "ஏழுக்குள்ள வந்துருவேன்." அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவர்க்கடிகாரம். நான் சொன்ன நேரத்தைத் தாண்டி முள் நகர்ந்தால் அவள் முகம் மாறிவிடும். போன வைகாசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு எப்போது வருவாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. "இனிமேலாச்சும் நீ ஃப்ரீயா இரு" என்றார்கள் சொந்தக்காரர்கள். அன்று காலை நாலரை மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் உள்ளே பார்த்து நேரம் சொல்ல வாய் திறந்தேன். அந்த ஃப்ரீயில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல்தான் மலைக்குக் கிளம்பியிருந்தேன்.

படி இறங்குமுன் கோயிலுக்குள் போய் வந்தேன். இந்தச் சாமிக்கு ஒரு மீன் கதை உண்டு. ஆற்றில் பிடித்து அறுத்துச் சமைத்த மீன், இறைவன் அருளால் மறுபடி ஒன்றாகப் பொருந்தி ஆற்றில் துள்ளிக் குதித்ததாம். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்று மீன்களுக்கு இன்றும் மக்கள் பொரி போடுகிறார்கள். நானும் போட்டேன். அறுபட்டதெல்லாம் பொருந்தும் என்று நம்பிப் போடவில்லை. கையில் பொரி இருந்தது, கீழே மீன் இருந்தது. அவ்வளவுதான்.

பத்து மணி வாக்கில் இறங்க ஆரம்பித்தேன். முதல் இருநூறு படி விளையாட்டு. அதற்குப் பிறகு தொடை பேசத் தொடங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும், ஏறுவதைவிட அது வேறு மாதிரியான உழைப்பு. நின்றால் கால் தந்தி அடிக்கும், நடந்தால் தெரியாது. இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கி நின்றன, கைப்பிடிக் கம்பி ஈரமாக இருந்தது. எனக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை.

இந்த மலையில் தனியாக நின்ற முதல் பெண் கொல்லிப்பாவை. தெய்வம் செய்து நிறுத்திய பாவை, சிரித்து மயக்கி உயிரை எடுப்பவள் என்பது கதை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவியின் அழகுக்கு அவளை உவமை சொல்லியிருக்கிறார்கள். மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவள் அவள்தான் என்று இங்கே நம்புகிறார்கள். இத்தனை நூற்றாண்டாக அவளிடம் யாராவது "கூட யாரும் வரலையா" என்று கேட்டிருப்பார்களா? தனியாக இருக்கும் பெண்ணைப் பார்த்துப் பயப்படுவார்கள், இல்லாவிட்டால் அவளுக்காகப் பயப்படுவார்கள். சும்மா இருக்க விட்டதாகக் கதையே இல்லை போலிருக்கிறது.

அருவி கண்ணில் படுவதற்கு முன்பே நனைத்துவிடுகிறது. கடைசித் திருப்பத்தில் சாரல் முகத்தில் அடித்தது, அதற்குப் பிறகுதான் சத்தத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே விழுகிறது. மேலே நான் பொரி போட்ட அதே தண்ணீர். இங்கே விழுந்து, மலையின் மறுபக்கம் புளியஞ்சோலையில் போய் அமைதியாகத் தலைகாட்டும். சின்ன வயதில் அம்மா என்னைக் குளிக்கக் கூட்டிப்போனது புளியஞ்சோலைக்குத்தான். "இந்தத் தண்ணி எங்கிருந்தும்மா வருது?" என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினாள். அவள் அந்த மேலைப் பார்த்ததே இல்லை.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அருவியின் ஓரத்தில் நின்றபோது, பாறையில் வைத்திருந்த பை நடுங்குவது தெரிந்தது. போன் அலாரம். மணி பதினொன்று. சிக்னல் ஒரு கோடுகூட இல்லாத இடத்திலும் அலாரம் அடிக்கும். படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று. ஆறு மாசமாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, நான் நிறுத்தவில்லை. திரையில் எழுத்து வந்தது: 'அம்மாவைத் திருப்பு'. அருவிச் சத்தத்தில் மணி கேட்கவில்லை, அதிர்வு மட்டும்தான். அழுதேனா என்று கேட்டால், முகம் முழுக்கத் தண்ணீராக இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

இட்லியைத் தின்றுவிட்டு ஏற ஆரம்பித்தேன். நூறு படிக்குள் வலது முட்டி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மடக்கலுக்கும் ஊசி குத்துகிற வலி. கம்பியைப் பிடித்து நின்றபோது, பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த தம்பியின் குரல் ஞாபகம் வந்தது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில். எங்கள் வீட்டு வாசலில் மொத்தம் மூன்று படிகள். அதை வைத்து அம்மாவுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுத்தோம். வலது காலை வை. உடம்பைத் தூக்கு. இடது காலைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர். நில். அடுத்த படி. "மூணு படிக்கு இவ்வளவு பாடாடீ" என்று சிரிப்பாள்.

எனக்கு இடது கால் நல்ல கால். இடதை வைத்தேன், உடம்பைத் தூக்கினேன், வலதைப் பக்கத்தில் சேர்த்தேன். நின்றேன். மிச்சமிருந்த தொள்ளாயிரம் சொச்சம் படிகளையும் இப்படியேதான் ஏறினேன். கல்லூரிப் பசங்கள் கூட்டம் ஒன்று "அக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டுத் தாண்டிப் போனது. நான் அவசரப்படவில்லை. ஆறு வருஷம் அவள் வேகத்தில் நடக்கப் பழகியிருந்தேன். அந்த வேகம் கடைசியில் என் முட்டிக்கு உதவியது.

உச்சிக்கு வந்தபோது மணி ஒன்றேகால். சீட்டு கொடுத்த பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"வந்துட்டியா கண்ணு? ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கன்னு சொன்ன, ஒருத்தரும் வரல. காலைல தனியா எறங்குனது நீ ஒருத்திதான். ஒண்ணரைக்கு மேல ஆனா பசங்களை அனுப்பலாம்னு இருந்தேன்."

அவர் கேட்டதற்கு வேறு அர்த்தம் இருந்திருக்கிறது. இறங்கினவள் ஏறிவிட்டாளா என்று பார்க்க ஒரு கணக்கு. முன் சீட்டுக்காரர் அதே வார்த்தைகளில் கேட்டது வேறு, அதை நான் மறக்கவில்லை. அந்தப் பொய்யை அவருக்காக இனியும் பையில் வைத்திருப்பேன். ஆனால் சொன்ன நேரத்துக்கு மேல் முள் நகர்ந்தால் முகம் மாற ஒரு ஆள் இருந்தது, அதுவும் பெயர் தெரியாத ஒரு மலைமேல், எனக்கு எப்படி இருந்தது என்று விளக்கத் தெரியவில்லை. பக்கத்துக் கடையில் முடவாட்டுக்கால் சூப் வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் கிழங்கு அது, மேலெல்லாம் ரோமம், பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்று மலை முழுக்க விற்கிறார்கள். என் முட்டிக்கு என்ன செய்ததோ, மிளகுக் காரம் தொண்டைக்கு இதமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் மாசிலா அருவி. சின்னது, அதிகம் நடக்கவும் வேண்டாம். முட்டியை நீட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி அலாரம் அடித்து ஓய்ந்தது. சாலைக்குத் திரும்பும் வழியில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டத்தின் ஓரமாக ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டுடன் வந்தார். வாய் சும்மா இருக்கவில்லை, நானே கேட்டுவிட்டேன்.

"தனியாவா போறீங்க?"

"பின்ன? புல்லறுக்க ஊரையேவா கூட்டிட்டுப் போவாங்க?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

செம்மேட்டில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி, மடியில் மலைவாழைச் சீப்பு. வளைவுகள் ஆரம்பிக்குமுன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி வருகிறது என்று தெரிந்துவிட்டது.

"கூட யாரும் வரலையா சாமி?"

"இல்லைங்க பாட்டி, தனியாத்தான் வந்தேன். வீடு சேர ஒம்பது மணி ஆயிரும்."

"ஒம்பதா?" என்றார் பாட்டி. சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து என் கையில் திணித்தார். "அதுவரைக்கும் வயித்துல ஒண்ணுமில்லாமயா போவ?"