88 சென்டிமீட்டர் வி.ஐ.பி!

"இன்னாத்துக்குடா அம்மாந்தூரம்? ராட்டினம் சுத்தணும்னா மாசித் திருவிழாவுக்குத் தேரடில சுத்திட்டுப் போறது!"

காலை ஆறரை மணிக்கு எங்க ஆயா அடித்த சிக்ஸர் இது. பொங்கல் முடிந்த அடுத்த வாரம். காலேஜுக்குக் கட் அடித்துவிட்டு, பையில் இரண்டு பாட்டில் சுடுதண்ணி, நாலு டயப்பர், ஒரு டப்பா தயிர் சாதம் சகிதம் நான் ரெடி. மெயின் ஹீரோயின் இன்னும் தூக்கத்தில். பெயர் வேண்டாம், வீட்டில் பாப்பு. அக்கா மகள். வயசு இரண்டேகால். உயரம் 88 சென்டிமீட்டர். இந்த 88-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க பாஸ், பின்னாடி பிரச்னை பண்ணும்.

பாப்புவின் வாழ்க்கையில் முதல் தீம் பார்க். எண்ணூர் குப்பத்திலிருந்து ஈ.சி.ஆர். வரைக்கும் கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். நகரத்தின் இந்தத் தலையிலிருந்து அந்த வாலுக்கு!

எல்லாமே அந்தப் பக்கம்!

சென்னை மேப்பை விரிச்சுப் பாருங்க. வி.ஜி.பி. ஈஞ்சம்பாக்கத்தில். எம்.ஜி.எம். முட்டுக்காட்டில். 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்று 1984-ல் இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பித்த கிஷ்கிந்தா, தாம்பரம் பக்கம். லேட்டஸ்ட்டாக 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாகூட திருப்போரூர் அருகே இள்ளலூரில்தான். வடக்கே? நிலக்கரி, கன்டெய்னர், சாம்பல் குளம்.

சும்மா புலம்பலுக்குச் சொல்லவில்லை. எங்க ஏரியாவுக்கும் பெருமை உண்டு. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. புல்லட் ஓட்டும் கெத்து பார்ட்டிகளே, 'என்ஃபீல்டு இந்தியா' என்ற கம்பெனி உருவானது 1955-ல். அந்த வண்டிகள் பிறந்தது எங்க திருவொற்றியூரில்! அதே 1955 ஜூலை 17-ல்தான் அமெரிக்காவில் டிஸ்னிலேண்டைத் திறந்தார்கள். அவங்களுக்கு ராட்டினம், எங்களுக்கு ஃபேக்டரி. பங்கு பிரித்த விதம் அப்படி!

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எங்க அம்மாவுக்கு 'தீம் பார்க்' என்றால் இரண்டே இரண்டுதான். ஒன்று, ராபின்சன் பார்க். 1949 செப்டம்பர் 18-ம் தேதி கொட்டுகிற மழையில் தி.மு.க-வின் தொடக்கவிழாக் கூட்டம் நடந்த அதே பார்க். "அரசியல்லாம் எனக்குத் தெரியாது, எனக்கு அங்கே சறுக்குமரம் தெரியும்" என்பார் அம்மா. இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு தரம் தீவுத்திடல் பொருட்காட்சி. டெல்லி அப்பளம், ஜெயன்ட் வீல், அப்புறம் கால் வலி. அவ்வளவுதான் டூர்!

ஒரு ராத்திரிக் கணக்கு

அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகணும்? அதற்கு ஒரு ராத்திரிக் கதை இருக்கிறது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. மாமாவின் ஃபைபர் போட்டு, வலை, கயிறு எல்லாம் கறுப்பு. வாரக்கணக்கில் தொழில் இல்லை. அந்த அழுக்கே போகாத நிலையில், டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம், கப்பலிலிருந்து கரைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் என்று கரையோர ஊரெல்லாம் கண் எரிச்சல், மூச்சுத் திணறல். ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில். அப்புறம் மாசக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடியதெல்லாம் பேப்பரில் வந்த செய்தி.

பேப்பரில் வராதது இது. அந்த ஓட்டத்தில் அக்காவும் இருந்தாள். இரண்டு மாசக் குழந்தையை ஈரத் துண்டில் சுற்றி, முகத்தை மூடலாமா, மூடினால் மூச்சு முட்டுமா என்று தெரியாமல், மூடி மூடித் திறந்துகொண்டே மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறாள். செருப்புகூட இல்லை. பாப்புவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் ராத்திரியில் லேசாக ஏதாவது வாசனை வந்தால், பக்கத்து வீட்டு ஃபினாயிலாக இருந்தாலும் சரி, அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஒரு நாளாவது இவளை நல்ல காத்து அடிக்கிற எடத்துல சிரிக்க வெச்சுப் பாக்கணும்டா" என்று அக்கா சொன்னது அந்த வாரம்தான். அதற்கப்புறம் மீன் விற்ற காசில் பத்தும் இருபதுமாகக் கடுகு டப்பாவில் போட்டுப் போட்டு, டப்பா நிறைய இரண்டு வருஷம் ஆனது. மாமா முணுமுணுத்தார். "அந்தக் காசுல ஒரு வலை வாங்கிடலாம்." அக்கா பதிலே சொல்லவில்லை. டப்பாவைக் கவிழ்த்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். மேட்டர் ஓவர்!

டிக்கெட் வாங்கும் முன்பே முதல் ரைடு

ஷேர் ஆட்டோ பிடித்து விம்கோ நகர் டெப்போ மெட்ரோ ஸ்டேஷன். விம்கோ என்பது பழைய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர், ஏரியாவுக்கே ஒட்டிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகுதான், சென்னையின் மற்ற பாதிக்கு நாங்கள் கொஞ்சம் பக்கத்து வீடானோம்.

எஸ்கலேட்டரைப் பார்த்ததும் பாப்பு விழித்துக்கொண்டாள். படி தானாக நகர்கிறது! ரயில் கிளம்பியதும் ஜன்னலில் மூக்கை அப்பிக்கொண்டாள். திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட்... வீட்டு மொட்டை மாடிகள், காயப்போட்ட துணிகள், கட்டட இடுக்கில் அப்பப்போ ஒரு துண்டுக் கடல். "அப்பா போட்டு!" என்று கத்தல். ஒரு போட்டும் தெரியவில்லை. ஆனால் கடல் என்றால் அவளுக்கு அப்பா போட்டுதான்.

புது வண்ணாரப்பேட்டை தாண்டியதும் ரயில் சரிந்து இறங்கி, சடக்கென்று சுரங்கத்துக்குள் போனது. ஜன்னல் கறுப்பு. அதில் பாப்புவின் முகம்! அவ்வளவுதான், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு. சைதாப்பேட்டை தாண்டி சின்னமலையில் மறுபடி வெளிச்சம் வந்தபோது, "இன்னோ வாட்டி!" என்றாள். 'இன்னும் வரவே இல்லையேம்மா' என்று நினைத்துக்கொண்டேன். கிண்டியில் இறங்கி, திருவான்மியூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோவளம் பக்கம் ஒரு பஸ். அம்மாவுக்கும் அக்காவுக்கும் சாதா பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பெரிய ரிலீஃப்!

அழுகாச்சி காவியம்

பார்க்கின் பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வாசலில் கரடி வேஷம் போட்ட ஒருத்தர் ஆசையாக ஓடி வந்து கை நீட்டினார். பாப்பு போட்ட சத்தத்தில் கரடியே இரண்டு அடி பின்வாங்கியது.

அடுத்து டோரா டோரா. வாசலில் உயரம் அளக்கும் போர்டு. நிறுத்திப் பார்த்தோம். 88. ஊஹூம்! அடுத்தது? ஊஹூம்! "ரெண்டு சென்டிமீட்டர்தானே அண்ணே?" என்று நான் இழுத்தேன். ஊழியர் சிரித்தபடி தலையாட்டினார்.

அவரைத் திட்டாதீங்க மக்களே. இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டாகச் சொல்கிறேன், அந்தப் போர்டு கெடுபிடி இல்லை, கணக்கு. ரைடில் மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி, ஓரளவு வளர்ந்த தொடைக்கும் இடுப்புக்கும் டிசைன் பண்ணியது. பொடிசு அதற்கடியில் வழுக்கி வெளியே வந்துவிடலாம். பிறக்கும்போது குழந்தையின் தலை மொத்த உயரத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு கனமான தலையை அந்தக் குட்டிக் கழுத்து தாங்க வேண்டும். வண்டி சடாரென்று திரும்பினால்? வயசைக் கேட்காமல் உயரத்தைப் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. வயசைச் சொல்லி ஏமாற்றலாம், ஸ்கேலை ஏமாற்ற முடியாது. இரண்டு வயசுக் குழந்தையின் சராசரி உயரமே 86, 87 சென்டிமீட்டர்தான். ஆக, இந்த வயசுப் பொடிசுக்குத் தீம் பார்க்கில் பாதிக் கதவு மூடித்தான் இருக்கும்.

திறந்திருந்த கதவுகளில் என்ன நடந்தது? குட்டி ரயில்: அழுகை. கப் அண்ட் சாஸர்: அழுகை. குட்டி நீச்சல் குளம்: கால் கட்டை விரலை நனைத்துவிட்டு அழுகை. மணி பன்னிரண்டு. மாமாவின் முகத்தில் வலைக்கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் உதடு மட்டும் லேசாகத் துடித்தது.

பெஞ்ச் மகிமை

வேப்ப மர நிழலில் ஒரு பெஞ்ச். பக்கத்தில் ஒழுகும் ஒரு குழாய். பாப்பு தானாக இறங்கினாள். குழாய்த் தண்ணீர் மண்ணில் ஓடுகிற வழியில் ஒரு குச்சியை வைத்தாள். தண்ணீர் திரும்பியது. எடுத்தாள். நேராக ஓடியது. வைத்தாள்... அரை மணி நேரம்! அப்புறம் ஓர் எறும்பு வரிசை. இத்தனை லட்சம் செலவழித்துக் கட்டிய பார்க்கில், எங்க வி.ஐ.பி-க்குப் பிடித்த ரைடு ஒழுகுற குழாய்.

டிஸ்னி கதையிலும் ஒரு பெஞ்ச் வரும். வால்ட் டிஸ்னி தன் மகள்களை லாஸ் ஏஞ்சலீஸ் கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிப்போவாராம். அவர்கள் ராட்டினம் சுத்த, இவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அந்த பெஞ்சில்தான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்க பெஞ்சில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "நானும் தம்பியும் பாத்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் போய் ஏதுனா ஏறிட்டு வாங்களேன்!"

"எனக்கு எதுக்கும்மா..." என்று அக்கா இழுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கு இருபத்தாறு வயசு. ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூலில் இதே மாதிரி ஒரு பார்க்குக்கு டூர் போட்டார்கள். வீட்டில் அந்த மாசம் காசு இல்லை. "எனக்குத் தலை சுத்தும்மா, நான் போகல" என்று அக்காவே சொல்லிவிட்டாள். பொடியனாக இருந்த நான் அதை அப்படியே நம்பி, இத்தனை வருஷமாக அக்காவுக்குத் தலைசுற்றல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

"போக்கா!" என்று தள்ளிவிட்டேன்.

ஜெயன்ட் வீல் உச்சியிலிருந்து அக்கா கத்திய கத்தல் இருக்கே... மாமா கண்ணை இறுக்க மூடியிருந்தார். நடுக்கடலில் பத்தடி அலைக்கு அசராத மனுஷன்! அக்கா மட்டும் இரண்டு கையையும் தூக்கி, கீழே தெரிந்த கடலையும் எங்களையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பாப்பு குச்சியைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அம்மா... மேல!" என்று கை தட்டினாள். அன்றைக்குப் பார்க்குக்குள் பாப்பு சிரித்தது அப்போதுதான்.

இறங்கி வந்த அக்காவுக்குத் தலை சுற்றவே இல்லை. அடுத்து இன்னும் மூன்று ரைடு. மாமா எங்களோடு பெஞ்சில்!

பொடிசோடு கிளம்புறீங்களா?

* வீட்டிலேயே உயரத்தை அளந்துகொண்டு போங்க. டிக்கெட், ரைடு எல்லாமே பெரும்பாலும் சென்டிமீட்டர் கணக்குதான்.
* சனி, ஞாயிறு வேண்டாம். க்யூவில் நிற்கும் பொறுமை நமக்கே கிடையாது, அவங்களுக்கு எங்கே!
* மதியத் தூக்கத்தைக் கெடுக்காதீங்க. தூக்கம் வந்த குழந்தைக்கு எந்த ராட்டினமும் எதிரிதான்.
* தண்ணீரில் இறங்கப் பெரும்பாலும் நைலான் டிரெஸ்தான் அனுமதி. வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போனா காசு மிச்சம்.
* போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குழந்தையின் பாக்கெட்டில் போடுங்க.
* அழுதால் விட்டுவிடுங்க. கொடுத்த காசுக்காக யாரும் சிரிக்க முடியாது.

வீடு திரும்பி...

ராத்திரி மெட்ரோவில் பாப்பு அக்கா மடியில் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். புது வண்ணாரப்பேட்டையில் ரயில் மேலே ஏறியதும், தூரத்தில் துறைமுகத்து விளக்குகள். வீட்டை நெருங்க நெருங்க, அந்தப் பழகிய காற்று. அக்கா அனிச்சையாக ஒரு முறை மூச்சை இழுத்து மோந்து பார்த்துவிட்டுத் துண்டைச் சரிசெய்தாள். இதுவும் எங்க ஊர்தான். ஓடிவிட முடியாது, ஓடவும் மாட்டோம். ஆனால் குழந்தை சிரிக்க, அதன் அம்மா சிரிக்க, 45 கிலோமீட்டர் போகாமல் இங்கேயே ஓர் இடம் இருக்கலாம், இல்லையா?

வாசலில் ஆயா வெயிட்டிங். "இன்னாடி கண்ணு பாத்த அங்க?"

பாதித் தூக்கத்தில் பதில் வந்தது. "ரயிலு!"

"இத்துக்காடா அம்மாந்தூரம்?" என்று ஆயா என்னை முறைத்தார். என்னிடம் பதில் இல்லை.

பார்க்கில் கையில் கட்டிவிட்ட காகித வளையத்தை நான் அன்றைக்கே கிழித்துப் போட்டேன். பாப்பு அதைத் தின்னப் பார்த்தாள். மூன்று நாள் கழித்து எண்ணூருக்குப் போனபோது அக்கா தண்ணி லாரி க்யூவில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் அந்த வளையம் அப்படியே இருந்தது.