லாரி தார்ப்பாயும் சைக்கிள் பையும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியா கொல்லிமலை. சைக்கிளில்தான் மக்களே! ஏறுறதை விட இறங்குறதுதான் கவலை. 70 கொண்டை ஊசி வளைவு. ஏதாவது ஒண்ணுல பை ஆடி பின்சக்கரக் கம்பிக்குள்ள மாட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதுகில மாட்டிக்கலாமேன்னு கேக்கறீங்களா? நம்மூர் வெயிலில் 10 கிலோ சுமந்து பாருங்க, அப்புறம் பேசலாம் :-)

ஆக, கேரியர்தான். பால்கார அண்ணன் கேனை எங்கே தொங்க விடுறார்? ரெண்டு பக்கமும், தாழ்வா. தண்ணிக் குடமும் அப்படித்தான். பாரம் கீழே இருந்தா வண்டி தள்ளாடாது. அவர் கேரியரோட கால் பின்சக்கர அச்சு வரை வந்து போல்ட்டில் நிக்கும். சீட் கம்பியை மட்டும் கவ்விப் பிடிக்கிற கேரியர் பார்க்க அழகு, ஆனா பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் தாங்காது. கியர் சைக்கிள் வாங்குறவங்க அச்சுக்குப் பக்கத்தில் கேரியர் திருக ஓட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க.

அடுத்து பை. ஜெர்மனியின் ஹார்ட்முட் ஆர்ட்லீப், மழையில் நனைஞ்சுக்கிட்டே சைக்கிளில் போனப்போ லாரி தார்ப்பாயைப் பார்த்துத்தான் பை தைக்கிற யோசனைக்கு வந்தார். 1982இல் கம்பெனியே தொடங்கிட்டார். லாரி தார்ப்பாய்! நாமக்கல்லில் அதுக்கா பஞ்சம்?

தார்ப்பாய் தைக்கிற அண்ணன்கிட்ட கேட்டாச்சு. "ஒரு ஜோடிதானுங்க தம்பி, தைச்சுடலாம்" என்றார். சக்கரப் பக்கம் உள்ளே ஒரு கெட்டி அட்டை வைக்கச் சொல்லியிருக்கேன், பை வளைஞ்சு கம்பியைத் தொடாம இருக்க. குதிகால் இடிக்காதபடி கொஞ்சம் பின்னால தள்ளி மாட்டணும். செலவை மூலதனக் கணக்கில் எழுதியாச்சு, தேய்மானம் கொல்லிமலையில் பார்த்துக்கலாம்.