ஒன்பது பொதிக்கு ஒரு பெயர்

ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் தொடங்கினால் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் நம் ஊர்க் காசில் உருவானது. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வார்கள், நாளிதழ் இணைப்புகளில் வரும், வாட்ஸ்அப்பில் சுற்றும். சொல்கிறவர்களில் சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கோபம். எனக்கு வந்தது சந்தேகம். அந்தக் கல்லூரி உருவாக எவ்வளவு செலவானது, அதில் மதராஸ் காசு எவ்வளவு, அது கைக்கு வரும்வரை அங்கே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேடத் தொடங்கினேன்.

மதராஸ் பக்கத்துத் தடயங்கள் எளிதாகவே கிடைத்தன. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ். அவருடைய முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரி, அதே ஆண்டில்தான் இறந்திருந்தார். யேல் தம்பதிக்குப் பிறந்த ஒரே மகன் டேவிட் சிறுவயதிலேயே இறக்க, அவனை ஜோசப் ஹின்மர்ஸின் கல்லறையிலேயே புதைத்தார்கள். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அந்தக் கல்லறையின் கூம்புத் தூண் இன்னும் நிற்கிறது. 2023இல் வாகன நிறுத்துமிடம் தொடர்பாக அதை இடம் மாற்றுவது குறித்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகூட நடந்தது.

யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர் பிறகு அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672இல் ஆண்டுக்கு 10 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக மதராஸ் வந்து, 1687இல் கோட்டையின் ஆளுநரானார். சொந்தக் கணக்கில் செய்த வியாபாரத்தைக் காரணம் காட்டிக் கும்பெனி 1692இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. கணக்கு வழக்குத் தீர்ந்து 1699இல் கப்பலேறியபோது அவர் பெரும் பணக்காரர். அதில் கணிசமான பங்கு வைரத்தில் வந்தது.

இந்தத் தகவல்கள் லவ் 1913இல் வெளியிட்ட பழைய மதராஸ் வரலாற்று நூல்களிலேயே இருக்கின்றன. ஆனால் இவை மனிதர் யேலின் கதை. கல்லூரியின் கதைக்கு டெக்ஸ்டர் என்பவர் 1916இல் தொகுத்து அச்சிட்ட அதன் ஆரம்பகால ஆவணங்களுக்குள் போனேன். போனதும் முதலில் தெரிந்த விஷயம், யேல் பெயரைச் சூட்டியபோது அந்தக் கல்லூரிக்கு வயது பதினேழு.

1701 அக்டோபர் 9 அன்று கனெக்டிகட் சட்டமன்றம் ஒரு பள்ளி தொடங்க அனுமதி கொடுத்தது. கேட்டவர்கள் பத்துப் போதகர்கள், ஏறக்குறைய எல்லாருமே ஹார்வர்டில் படித்தவர்கள். அப்போது ஹார்வர்டுக்கு வயது அறுபத்தைந்து. அது தொலைவு, செலவு அதிகம், அதோடு பழைய கண்டிப்பான கொள்கையிலிருந்து வழுக்குகிறது என்பது இவர்கள் குறை. சட்ட வாசகத்தை வரைந்து கொடுத்தவர்கள் பாஸ்டன்காரர்களான சீவாலும் அடிங்டனும். காலனிக்குக் கல்லூரி தொடங்கும் அதிகாரம் உண்டா என்பதே தெளிவில்லை. லண்டனின் கண்ணில் பட்டால் இருக்கிற சாசனத்துக்கும் ஆபத்து. எனவே கல்லூரி என்ற சொல்லைத் தவிர்த்து ‘கல்லூரி நிலைப் பள்ளி’ என்றார்கள், தலைவருக்கு ரெக்டர் என்று பணிவான பட்டம் வைத்தார்கள். எனக்கு இந்தப் பயம் பிடித்திருக்கிறது. பின்னாளில் இவ்வளவு பெயர் பெறப்போகும் நிறுவனம், ஒளிந்துகொண்டுதான் பிறந்திருக்கிறது.

அரசு உதவியாக ஆண்டுக்கு 120 பவுண்டு ‘நாட்டுப் பணம்’ ஒதுக்கினார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். நாட்டுப் பணம் என்றால் தானியமும் இறைச்சியுமாகக் கொடுக்கிற கணக்கு. இங்கிலாந்து நாணயத்தில் அதன் மதிப்பு பாதிதான். ஜேம்ஸ் ஃபிட்ச் என்ற மேஜர் 637 ஏக்கர் நிலத்தையும், கட்டப்போகும் வீட்டுக்குக் கண்ணாடியும் ஆணியும் தருவதாக எழுதிக் கொடுத்தார். கண்ணாடியும் ஆணியும் கடல் தாண்டி வரவேண்டிய ஊரில் அது சின்னக் கொடை இல்லை. அவர் பெயரைக் கல்லூரிக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தொடக்கத்தைப் பற்றி யேலில் காலங்காலமாகச் சொல்லும் கதை வேறு. பிரான்ஃபர்ட் என்ற ஊரில் போதகர் சாமுவேல் ரஸலின் வீட்டில் கூடிய போதகர்கள், ஆளுக்குச் சில புத்தகங்களை மேசைமேல் வைத்து, கல்லூரி தொடங்க இவற்றைத் தருகிறேன் என்றார்களாம். அழகான காட்சி. அது எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால், கல்லூரித் தலைவர் தாமஸ் கிளாப் 1766இல் வெளியிட்ட வரலாற்றில் வந்து நிற்கும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1763இல், சட்டமன்றம் கல்லூரியைச் சோதனையிட ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுந்திருந்தது. கிளாப் எழுந்து வாதாடினார்: இதை நிறுவியது சட்டமன்றம் அல்ல, போதகர்கள், அனுமதிச் சட்டத்துக்கு முன்பே புத்தகம் கொடுத்து நிறுவிவிட்டார்கள், நிறுவாதவருக்குச் சோதனையிடும் உரிமை கிடையாது. வாதம் வென்றது. தேதி முந்திய புத்தகக் கொடை அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகு, அந்த மேசைக் காட்சியை என்னால் பழைய மாதிரி ரசிக்க முடியவில்லை. நம் ஊர் மெட்ராஸ் தின வாக்கியத்தையும்தான்.

முதல் ரெக்டர் ஏப்ரகாம் பியர்சன், கில்லிங்வொர்த் ஊர்ப் போதகர். 1702இல் முதல் மாணவனாக ஜேக்கப் ஹெமிங்வே வந்து சேர்ந்தான். பள்ளி நடக்க வேண்டிய ஊர் சேபுரூக் என்று முடிவாகியிருந்தது. ஆனால் பியர்சனின் சபையார் தங்கள் போதகரை விட மறுத்துவிட்டதால் வகுப்பு அவர் வீட்டிலேயே நடந்தது. 1707இல் அவர் இறந்ததும் மூத்த மாணவர்கள் மில்ஃபர்டில் சாமுவேல் ஆண்ட்ரூவிடம் போனார்கள், மற்றவர்கள் சேபுரூக்குக்கு. பிறகு ஊருக்கு ஊர் இழுபறி. 1716இல் அறங்காவலர்களில் பெரும்பான்மையினர் நியூ ஹேவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹார்ட்ஃபர்ட்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் வெதர்ஸ்ஃபீல்டில் தனி வகுப்பு நடத்தினார்கள். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய இறையியலாளராகப்போகும் ஜானதன் எட்வர்ட்ஸ், பையனாக அந்தப் போட்டிக் கூடாரத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்.

நியூ ஹேவனில் கட்டடம் எழும்பத் தொடங்கியது. ஏறத்தாழ 170 அடி நீளம், 22 அடி அகலம், மூன்று மாடி, முழுக்க மரம். நீண்டு ஒடுங்கிய அந்த உருவத்தின் பழைய படத்தைப் பார்த்தால் ரயில் பெட்டி ஞாபகம்தான் வரும். பாதியில் பணம் தீர்ந்தது.

இங்கேதான் மதராஸ் வருகிறது. காலனியின் லண்டன் பிரதிநிதி ஜெரமையா டம்மர், 1711இலேயே எலிஹு யேலை மோப்பம் பிடித்திருந்தார். ஆண் வாரிசு இல்லாத பணக்காரர், கனெக்டிகட்டில் உறவுக்காரர்கள் உள்ளவர், ஆக்ஸ்ஃபர்டுக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று யோசிப்பவர். டம்மர் விடவில்லை. அவர் திரட்டி 1714இல் அனுப்பிய எண்ணூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களில் யேல் கொடுத்தவையும் உண்டு. நியூட்டன் தன் நூல்களைத் தானே கொடுத்தார், ஹாலியும் கொடுத்தார். இருந்தாலும் யேல் தயங்கினார். அவர் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர். அதிலிருந்து பிரிந்து போனவர்களின் பள்ளிக்குக் கொடுப்பது சரியா என்று அவருக்கு உறுத்தல்.

உறுத்தலைத் தீர்த்தது ஒரு கடிதம். 1718 ஜனவரியில் பாஸ்டனிலிருந்து அதை எழுதியவர் காட்டன் மேதர். ஹார்வர்டில் தன் தந்தை தலைவர் பதவியை இழந்ததையும், பிறகு தனக்கு அது கிடைக்காமல் போனதையும் மறக்காத மனிதர். கல்லூரிக்கு உங்கள் பெயரை வைக்கலாம், அது பிள்ளைகள் காக்கும் பெயரைவிட நிலைக்கும், எகிப்தியப் பிரமிடைவிட மேலானது என்ற பொருளில் எழுதினார். சட்டக் கல்லூரி வளாகத்துக் கல்லறையைப் பார்த்துவிட்டு அந்தக் கடிதத்தைப் படிப்பது கொஞ்சம் சங்கடமான அனுபவம். மேதருக்கு எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அந்தக் கோடையில் பாஸ்டனுக்கு ஒன்பது துணிப் பொதிகள் வந்து இறங்கின. கூடவே 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம், அரச சின்னம். துணி 562 பவுண்டு 12 ஷில்லிங்குக்கு விலைபோனது. கட்டடத்தின் செலவு ஆயிரம் பவுண்டு வாக்கில் என்பதால் இது பாதிக்கு மேல். பொதிக்குள் இருந்தவற்றில் காலிகோவும் மஸ்லினும் உண்டு. கார்லிக்ஸ் என்ற ஜெர்மன் லினனும் ஸ்பானிஷ் பாப்ளினும் கம்பளி நூல் துணிகளும் அவற்றோடு இருந்தன. ஆக, அது சோழமண்டலக் கரையின் சரக்கு மூட்டை இல்லை; லண்டன் கிடங்கில் கலந்து கட்டியது. அச்சிட்ட இந்தியக் காலிகோவை இங்கிலாந்துக்குள் பயன்படுத்த 1700ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருந்தது, காலனிகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடை இல்லை. லண்டன் வியாபாரி ஒருவர் பணமாகக் கொடுக்காமல் துணியாகக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1718 செப்டம்பர் 10 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவில் கட்டடத்துக்கு யேல் கல்லூரி என்று பெயரிட்டார்கள். அதே நாளில் வெதர்ஸ்ஃபீல்டில் போட்டிப் பட்டமளிப்பும் நடந்தது. அதைவிட ருசியான சண்டை டிசம்பரில். சேபுரூக்கில் இருந்த புத்தகங்களை எடுத்துவர ஷெரிஃப் போனார். ஊரார் தர மறுத்தார்கள். வீட்டுக்குள் புகுந்து எடுத்து வண்டியில் ஏற்றினால், இரவோடு இரவாக வண்டிகளை உடைத்தார்கள், வழியிலிருந்த பாலங்களைப் பெயர்த்தார்கள். நியூ ஹேவன் போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ 250 புத்தகங்கள் காணாமல் போயின. நூலகத்துக்காக ஓர் ஊர் பாலத்தை உடைத்தது என்பதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

சரி, கொடுத்தவரின் செல்வம் எங்கிருந்து வந்தது? அதற்கு மறுபடி கோட்டை ஏடுகள்தான். சென்னை ஆவணக் காப்பகம் அச்சிட்ட, கோட்டையின் ஆளுநர் குழுக் கூட்டக் குறிப்புகளில் பெரும்பகுதி துணி, உப்பு, கப்பல், சண்டை. நடுவே அடிமைகளும் வருகிறார்கள். ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று குழு விதித்தது. அந்தக் கூட்டத்தில் யேலும் இருந்தார். 1688இல் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். காரணம் இரக்கம் என்று நினைக்க வேண்டாம்: கோல்கொண்டா விழுந்த பின் வந்த முகலாய அதிகாரத்தின் கண்டிப்பு. 2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்கு மன்னிப்புக் கேட்டது.

கடலூர்க்காரர்களுக்கு இந்த மனிதரின் இன்னொரு கைவரிசை தெரியும். 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து கும்பெனி வாங்கியபோது மதராஸ் ஆளுநர் யேல்தான். பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் சொந்தம் என்பது ஒப்பந்தம். இருப்பதிலேயே பெரிய பீரங்கியை வைத்துச் சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் தங்கிவிட்டது.

தேடலில் நான் எதிர்பார்க்காத ஆள் ஒருவர் அகப்பட்டார். மதராஸ் மாநகராட்சி 1688இல் தொடங்கியபோது முதல் மேயர் நத்தானியேல் ஹிகின்சன். இவர் பிறந்தது நியூ ஹேவனை அடுத்த கில்ஃபர்டில், படித்தது ஹார்வர்டில், பட்டம் 1670இல். யேலை இறக்கிவிட்டு ஆளுநராக்கியதும் இவரைத்தான். இன்னொரு முடிச்சும் உண்டு. யேலின் பாட்டி இரண்டாவதாக மணந்தது நியூ ஹேவனின் முதல் ஆளுநர் தியோபிலஸ் ஈட்டனை. அந்த ஈட்டனின் தம்பி நத்தானியேல்தான் ஹார்வர்டின் முதல் தலைமை ஆசிரியர். உதவியாளரைத் தடியால் அடித்ததற்காக 1639இல் துரத்தப்பட்டவர். பழைய நியூ இங்கிலாந்து அவ்வளவு சின்ன ஊர். யேலின் பணம் நியூ ஹேவனைத் தேடிப் போனதற்கு இந்த உறவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

யேல் 1721 ஜூலை 8 அன்று இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த உயிலில் கனெக்டிகட் கல்லூரிக்கு 500 பவுண்டு என்று இருந்தது. உயிலில் கையெழுத்து இல்லை. அறங்காவலர்கள் கேட்டுப் பார்த்தார்கள், ஒரு பென்னி வரவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததை யேல் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். டம்மரும் அவரும் அனுப்பிய புத்தகங்களைக் கல்லூரியில் சிலர் உண்மையாகவே படித்தார்கள். 1722 செப்டம்பரில் பட்டமளிப்புக்கு மறுநாள், ரெக்டர் டிமதி கட்லரும் ஆசிரியர் டேனியல் பிரவுனும் அக்கம்பக்கத்துப் போதகர்கள் சிலரும், தங்கள் குருப்பட்டம் செல்லுமா என்றே சந்தேகமாக இருப்பதாக அறங்காவலர்களிடம் எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஹார்வர்டின் தளர்வுக்குப் பயந்து தொடங்கிய பள்ளியின் தலைவரே கட்சி மாறினார். அறங்காவலர்கள் கட்லரை நீக்கி, இனி வரும் ரெக்டர்களும் ஆசிரியர்களும் சேபுரூக் கொள்கைப் பிரகடனத்தை ஏற்றுச் சொல்லிய பிறகே பதவியில் அமர வேண்டும் என்று விதித்தார்கள். கட்லர் பாஸ்டனில் ஆங்கிலிக்கன் போதகரானார். அவரோடு போனவர்களில் ஒருவரான சாமுவேல் ஜான்சன், 1754இல் நியூயார்க்கில் தொடங்கிய கிங்ஸ் கல்லூரியின் முதல் தலைவரானார். அதுதான் இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகம்.