காசில்லாமல் ஒரு கான்செப்ட் ஆல்பம்!

கல்ச்சுரல்ஸ்ல அடுத்தவங்க பாட்டையே வாசிச்சு போரடிச்சுப் போச்சா? சொந்தமா ஆல்பம் போடணும்னு ஆசை, ஆனா ஸ்டுடியோ செலவை நினைச்சாலே தலை சுத்துதா? ஒரு ஞாயித்துக்கிழமை கிடாரை ரூம்ல வச்சிட்டு, ஹெட்போனோட திருவள்ளூர் லோக்கல்ல ஏறுங்க. சென்ட்ரல்லேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர். இறங்க வேண்டிய இடம், திருநின்றவூர்.

வழித்துணைக்கு, 'லெஜண்டரி டேல்ஸ்'. இத்தாலியில திரியெஸ்தேன்னு ஒரு துறைமுக நகரம். அங்கே லூகா டுரில்லியும் அலெக்ஸ் ஸ்டாரோபோலியும் 1993-ல் 'தண்டர்கிராஸ்'னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. அப்புறம் பேர் 'ராப்சடி'ன்னு மாறுச்சு. 1994, 1995-ல் டெமோ போட்டு, 1997-ல்தான் இந்த முதல் ஆல்பம் வந்தது. மெலடிக் பவர் மெட்டல். குதிரைப் பாய்ச்சல்ல டிரம்ஸ், உச்சஸ்தாயியில் குரல், ஒருதடவை கேட்டாலே முணுமுணுக்க வைக்கிற மெட்டு, கூடவே கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும்!

இதுல இருக்கிற 10 டிராக்கும் தனித்தனிப் பாட்டு இல்லை. 'அல்காலார்ட்'னு ஒரு கற்பனை நாடு, ஒரு மரகத வாள், அதைத் தேடிப் போற வீரன்... அந்தக் கதையோட முதல் அத்தியாயம் இது. மீதிக் கதை அடுத்தடுத்த ஆல்பங்கள்ல 2002 வரை ஓடுச்சு. இல்லாத நாட்டைக் கேக்கறவங்க கண்ணு முன்னாடி நிறுத்தறாங்களே, அதான் மேட்டர்.

ஆவடி, இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டியாச்சா? இறங்குங்க. நேரா இருதயாலீஸ்வரர் கோயில். இந்த ஊர்க்காரர் பூசலார், சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். ஊர் ஊரா அலைஞ்சும் பணம் கிடைக்கலை. விடலையே மனுஷர்! மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பிச்சார். சேக்கிழாரின் பெரிய புராணம் அதை வரிசையாவே சொல்லுது. முதல்ல கல்லும் மரமும் தச்சரும், அப்புறம் அஸ்திவாரம், அடுக்கடுக்கா விமானம், சுதை வேலை, கிணறு, மதில், குளம். ராத்திரி தூக்கம்கூட இல்லையாம். கடைசியா, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறிச்சார்.

அதே நாள்லதான் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவன் மன்னன் கனவுல வந்து, "நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போறேன், உன் விழாவைத் தள்ளி வை"ன்னு சொல்லிட்டாராம். மன்னன் தேடி வந்து பார்த்தா, ஊர்ல கோயிலே இல்லை! பூசலார் சொல்லித்தான் விஷயமே தெரிஞ்சது.

இது பகல் கனவு இல்லை பாஸ். பகல் கனவுல நேரா மேடை, கைத்தட்டல்தான் வரும். பூசலார் கிணறுகூட மறக்கலை. கான்செப்ட் ஆல்பத்துக்கும் அதான் வேணும். யார் கதை, எங்கே தொடங்குது, எந்தப் பாட்டுல திருப்பம், அடுத்த பாட்டுக்கு எப்படிப் போகுது... இதையெல்லாம் முடிவு பண்ண ஒரு ரூபாய்கூட ஆகாது. இது இல்லாம ஸ்டுடியோவுக்குப் போனா, யோசிக்கிற நேரத்துக்கும் வாடகை கொடுக்கணும்!

நம்ம ஊர் விஷயம் மெட்டலுக்கு செட் ஆகுமான்னு சந்தேகமா? சிங்கப்பூர்ல 1992-ல் தொடங்கின 'ருத்ரா'வைக் கேளுங்க. வேதாந்தத்தையே டெத் மெட்டல்ல பாடினவங்க. 2005-ல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ', மூணு ஆல்ப வரிசையோட முதல் பாகம்.

திரும்பி வர்ற ரயில்ல நோட்டை எடுத்து 1 முதல் 10 வரை நம்பர் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் எதிரே ஒரே வரி. நாளைக்கு யாராவது "எங்கேப்பா உன் ஆல்பம்?"னு கேட்டா, பூசலார் மாதிரி முழுசா சொல்லத் தெரியணும். டிரம்மர் கிடைக்கிறதெல்லாம் அப்புறம்!