டிப்பில் இருக்கட்டும், பந்தில் வேண்டாம்

“அண்ணே, எந்த சாக் போட்டா ஸ்க்ரூ நல்லா எடுக்கும்?”

பூல் பார்லருக்குப் புதிதாக வரும் பையன்கள் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி இது. “முதல்ல டிப்பைக் காட்டு தம்பி” என்பேன். கியூவை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தால் பெரும்பாலும் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். தோல் அடிபட்டு அடிபட்டு இறுகிப் பளபளவென்று மின்னும். ஓரம் டிப்புக்குக் கீழுள்ள ஃபெரூல் வளையத்தைத் தாண்டிப் பிதுங்கியிருக்கும். அந்தப் பளபளப்பில் எந்த சாக்கும் நிற்காது. மலிவுக் கட்டியைத் தடவினாலும் ஜப்பான் கட்டியைத் தடவினாலும் ஒரு ஷாட்டுக்குள் உதிர்ந்துவிடும். உப்புத்தாளை எடுத்து நுனியைச் சொரசொரப்பாக்கி, தட்டையாகிப்போன தலையை மறுபடி வளைவுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அதே பையன், டேபிளில் கிடந்த அதே பழைய சாக்கைத் தடவிக்கொண்டு, வெள்ளைப் பந்தை அழகாகப் பின்னால் இழுப்பான்.

சென்னையில் பூல், ஸ்னூக்கர் டேபிள்களுக்கு மார்க்கராக நின்று, டிப் ஒட்டி, துணி மாற்றிப் பிழைப்பவன் நான். ஆடவும் செய்வேன். ஆடுகிறவர் சாக்கைப் பற்றிப் பேசினால் தன் கியூவைப் பற்றித்தான் பேசுவார். ஃப்ரேம் முடிந்து டேபிளைத் துடைக்கிறவனுக்கு அதே சாக் வேறு மாதிரித் தெரியும். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில், சாக் வாங்கும்போது பலரும் தலைகீழாகக் கேள்வி கேட்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. டிப்புக்கு அது என்ன கொடுக்கும் என்றே கேட்கிறார்கள். பந்திலும் துணியிலும் அது என்ன விட்டுவைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

சாக்கின் வேலை உண்மையில் ரொம்பச் சின்னது. பூல் பந்து பினாலிக் ரெசினால் ஆனது, குறுக்களவு 57.15 மில்லிமீட்டர். டிப் வெறும் தோல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. பந்தின் நட்டநடுவில் நேராகக் குத்தினால் சாக் இல்லாமலே காரியம் நடந்துவிடும். கீழே இறக்கி ஸ்க்ரூ அடிக்கும்போதோ, ஓரத்தில் சைடு போடும்போதோதான் தோல் பந்தின் மேல் வழுக்கப் பார்க்கும். வழுக்கினால் ‘டக்’கென்று ஓர் அசிங்கமான சத்தம் வரும், வெள்ளை எங்கோ போகும், பக்கத்து டேபிள்காரரும் திரும்பிப் பார்ப்பார். மிஸ்கியூ! அந்த வழுக்கலைத் தடுப்பது ஒன்றே சாக்கின் வேலை.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மில்லிமீட்டர் வரை விலகி அடிக்கலாம். டிப்பின் அகலமே 12, 13 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் விலகினால் எந்த ஊர் சாக்கும் காப்பாற்றாது. அதற்குள் அடித்தால், நன்றாகத் தடவிய எந்த சாக்கும் போதும். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாடோர் பூல் ஆட்டத்தின் இயற்பியலையே தனிப் பாடமாக எடுத்துக்கொண்டவர். பல வகை சாக்குகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னதும் இதுதான்: மிஸ்கியூ ஆகாத வரையில், விலை உயர்ந்த சாக் என்பதற்காகப் பந்து கூடுதலாகச் சுழல்வதில்லை. சுழற்சி வருவது எங்கே அடிக்கிறோம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறோம் என்பதிலிருந்து. சாக் அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

‘இந்த சாக் போட்டால் பந்து சுழலும்’ என்று முதன்முதலில் விற்றவரும் என்னைப்போல் ஒரு மார்க்கர்தான். தோல் டிப்பைக் கொண்டுவந்த புகழ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் சிறையில் இருந்த பிரெஞ்சு ராணுவ அதிகாரி பிரான்சுவா மிங்கோவுக்குப் போகிறது. கொஞ்ச காலம் கழித்து இங்கிலாந்தின் பாத் நகரத்து பில்லியர்ட்ஸ் அறையில் மார்க்கராக இருந்த ஜாக் கார், பந்தை விதவிதமாக முறுக்கி ஆடிக் காட்டினார். எல்லாம் தன்னிடம் இருக்கும் ஒரு முறுக்குப் பொடியின் மகிமை என்று சொல்லி, சின்ன டப்பா அரை கிரவுனுக்கு விற்றார். உள்ளே இருந்தது வெறும் சுண்ணக்கட்டித் தூள். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தோல் டிப்பும் தூளும் சேர்ந்தால் பந்து சுழலத்தான் செய்யும். கையைக் கற்றுக்கொடுப்பதைவிடப் பொடியை விற்பது சுலபம் என்று கார் கண்டுகொண்டார். அந்த வியாபாரம் இன்றும் நடக்கிறது.

இப்போது நாம் தடவும் கட்டியில் சுண்ணம் கிடையாது என்றே சொல்லலாம். பாக்கெட் இல்லாத பில்லியர்ட்ஸில் பேர் பெற்ற வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்கு பிரான்சிலிருந்து வந்த ஒரு கட்டி பிடித்துப்போனது. சிகாகோ வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸிடம் அதைக் கொடுத்து ஆராயச் சொன்னார். எரிமலை நுரைக்கல் என்று தெரிந்தது. இருவரும் பல பொருள்களைக் கலந்து பார்த்து 1897 மார்ச் 9 அன்று காப்புரிமை பெற்றார்கள். மணலில் இருக்கும் சிலிக்காவும், உப்புத்தாளுக்குப் பயன்படும் குருந்தமும், கூடவே பசையும் நிறமும்: அந்தக் கூட்டுதான் இன்றைய சாக்குக்கு அடிப்படை. கரும்பலகை சாக்பீஸ் இதற்கு உதவாததன் காரணமும் இதில் இருக்கிறது. அது மெத்தென்று நொறுங்கி மாவாகிவிடும். கியூ சாக்கின் துகள் நொறுங்காது. டிப்பின் நாருக்குள் குத்தி நின்று பந்தைப் பற்றும்.

பந்தைப் பற்றுகிற துகள் பந்தோடு போகவும் செய்யும். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

புது சாக் கைக்கு வந்தால் நான் செய்து பார்ப்பது இது. வெள்ளைப் பந்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, டேபிளில் தனியாக வைப்பேன். டிப்பில் அளவாகத் தடவிக்கொண்டு, கீழே இடது பக்கமாக நடுத்தர வேகத்தில் ஓர் அடி. வேறு பந்தில் படாமல், குஷனில் முட்டி மெதுவாகத் திரும்பி வரும்போது கையில் எடுத்து விளக்கின் கீழ் திருப்பிப் பார்ப்பேன். நல்ல சாக்காக இருந்தால் மிளகளவு நீலப் புள்ளி ஒன்று இருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும். மட்டமான சாக்காக இருந்தால் புள்ளிக்குப் பக்கத்தில் தூள் இழுவிக்கொண்டு போயிருக்கும், பந்து கிளம்பிய இடத்தில் துணியிலும் நீலப் பொட்டுகள் சிதறியிருக்கும். பிறகு மறுபடி தடவாமல் நாலைந்து அடி அடித்து டிப்பைப் பார்ப்பேன். நடுவில் தோல் வெளியே தெரிகிறதா, இன்னும் நீலம் மூடியிருக்கிறதா? இந்த இரண்டும் பார்த்தால் ஒரு சாக்கைப் பற்றித் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

அந்தப் புள்ளியால் இன்னொரு லாபமும் உண்டு. நாம் அடித்ததாக நினைத்த இடமும் உண்மையில் அடித்த இடமும் ஒன்றா என்று அது காட்டிக்கொடுக்கும். கீழே அடித்தேன் என்று சத்தியம் செய்யும் பையனிடம் பந்தை நீட்டினால், புள்ளி நடுவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ வராததற்கு சாக்கைத் திட்டுவதை அன்றோடு விட்டுவிடுவான்.

பந்தில் ஒட்டிய புள்ளி சும்மா இருப்பதில்லை. வெள்ளை உருண்டுபோய் அடுத்த பந்தில் மோதும்போது, மோதும் இடத்தில் அந்தத் துகள் மாட்டிக்கொண்டால் இரண்டு பந்துக்கும் இடையே உராய்வு திடீரென்று ஏறும். சுத்தமான பந்துகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் பிரியும். துகள் மாட்டியவை ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும். குறி வைத்த பந்து கோணம் தவறிப் போகும், வேகம் செத்துவிடும், சில சமயம் இலேசாக எகிறிக் குதிக்கும். ஸ்னூக்கர்காரர்கள் இதைக் கிக் என்பார்கள். ஓரமாக மெலிதாக வெட்டும் ஷாட்டைவிட, பாதிப் பந்து அளவில் மெதுவாக வெட்டும் ஷாட்டில்தான் இது அதிகம் கண்ணில் படும். தொலைக்காட்சியில் ஆட்டக்காரர் நடுவரைக் கூப்பிட்டு பந்தைத் துடைக்கச் சொல்வது இதற்காகத்தான். பின்லாந்தின் டாவோம் சாக் ஸ்னூக்கர் தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே சட்டென்று பரவியதற்கும் காரணம் இதுவே: பந்தில் குறைவாக ஒட்டும், கிக் குறையும் என்றார்கள். நான் பார்த்த வரையில் பந்தில் கறை குறைவுதான். ஆனால் அது சாதாரண சாக் போல டிப்பில் கெட்டியாகப் படியாது, மெல்லியதாகத்தான் பூசும். அதை நம்பிக் கவனமாகத் தடவுகிறவருக்கு நல்லது. பேசிக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஆடுகிறவருக்கு மிஸ்கியூதான் மிச்சம்.

ஜப்பானின் காமுய் இதற்கு நேரெதிர் குணம். டிப்பில் அப்பிக்கொண்டு நிற்கும், ஒருமுறை தடவினால் பல ஷாட்டுக்கு வரும். கறையும் அதற்கேற்ற மாதிரி. இரண்டுக்கும் நடுவே இருப்பவை அமெரிக்காவின் மாஸ்டரும் ட்ரையாங்கிளும். இவற்றின் டஜன் கட்டிப் பெட்டியின் விலைக்கு டாவோம், காமுய் கட்டிகளில் ஒன்றுகூட வராது. தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவர்கள் மாஸ்டரிலேயே பெரிய ஆட்டங்களை ஆடியிருக்கிறார்கள். பழைய இருப்பைத் தேடி வாங்கிப் பதுக்குகிறவர்களும் உண்டு.

சென்னையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, காற்றின் ஈரம். ஏ.சி. இல்லாத அறையில் மழைக்காலத்தில் சாக் நமுத்துப்போகும். தூளாக வராமல் பிசுபிசுவென்று டிப்பில் திட்டுத்திட்டாக அப்பும். கூடவே கை வியர்க்கிறதென்று ஆட்டக்காரர் பவுடர் போட்டுக்கொண்டால், அதுவும் சாக்கும் கலந்து துணியில் ஒரு சாம்பல் படலம் படியும், பந்து நின்று நின்று ஓடும். என் கட்டிகளை மூடி இறுகிய டப்பாவில் வைத்துவிடுவேன். பவுடர் போடுகிறவரிடம் மெல்லிய கையுறை ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

நிறம் அழகுக்காக மட்டும் இல்லை. நம் ஊரில் பூலுக்கு முன்பே ஸ்னூக்கர் வேரூன்றியது. அதன் விதிகளே 1880களில் ஊட்டி கிளப்பில் உருவானவை. ஆகவே பல பழைய அறைகளில் பச்சைத் துணியும் பச்சை சாக்கும் பழக்கம். அதே கட்டியை நீலத் துணி போட்ட பூல் டேபிளுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு பிரேக் அடிக்கும் ஒரு பச்சைத் தழும்பு. துணி நிறத்துக்குப் பொருந்தும் சாக்கைத்தான் போட்டி விதிகளும் அனுமதிக்கின்றன. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முதலாளி பெயர் இல்லாத மலிவு சாக்கை 144 கட்டிப் பெட்டியாக இறக்குவார். சாக்கில் மிச்சம் பிடித்த காசு துணி மாற்றும்போது மொத்தமாகப் போகும். உப்புத்தாளில் இருக்கும் அதே குருந்தம் துணியின் இழைக்குள் இறங்கி, ஒவ்வொரு பந்து ஓடும்போதும் அறுத்துக்கொண்டிருந்தால் துணி என்ன ஆகும்? பந்தின் மினுமினுப்பும் அப்படித்தான் போகிறது. பெயர் இல்லாத சாக்கை நான் ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. 1996இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு சில சாக்குகளில் ஈயம் இருப்பதைக் காட்டியது. விரல் நீலமாகவே சமோசா தின்னும் பிள்ளைகள் வரும் இடம் இது.

தடவும் முறையைச் சொல்லாமல் சாக்கைப் பற்றிப் பேசுவது அரைவேலை. கட்டியின் நடுவில் டிப்பை வைத்துக் கியூவை உருட்டுகிறவர்களால்தான் ஒவ்வொரு கட்டியிலும் நடுவே குழி விழுகிறது. குழியின் சுவர் ஃபெரூலைத் தேய்க்கும், ஓரம் நீலமாகும், டிப்பின் நடு வெறுமையாக இருக்கும். கட்டியைச் சாய்த்துப் பிடித்து, உதட்டுக்குச் சாயம் பூசுகிற மாதிரி குறுக்கே மெல்ல இழுக்க வேண்டும். டிப்பைத் திருப்பித் திருப்பி ஓரங்களுக்கு இழுப்பு கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரூவுக்கும் சைடுக்கும் பந்தைத் தொடுவது அந்த ஓரம்தான். பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும். பார்ப்பதுதான் பலரிடமும் இல்லாத பழக்கம். டேபிளின் மேல் நின்று தடவக்கூடாது. ஓரடி தள்ளி நின்றால் உதிர்வது தரையில் விழும். விளிம்புக் கட்டையில் வைக்கும்போது தடவும் முகம் மேலே இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் அடுத்தவர் கையிலும் சட்டையிலும் அது இருக்கும். குறி பார்க்க வசதியாக ஒரு இடத்தில் கட்டியை வைப்பது விதிப்படி தவறு.

ஆக, என்னிடம் கேட்பவருக்கு என் வரிசை இது. முதல் செலவு டிப்புக்கு. அடுத்தது பந்து துடைக்க ஒரு நல்ல துணி, அதை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பயன்படுத்துவது. அதற்குப் பிறகு சாக். புதிதாக ஆடுகிறவருக்கு மாஸ்டரோ ட்ரையாங்கிளோ, துணி நிறத்தில் ஒரு டஜன் போதும். கை ஒரு நிலைக்கு வந்து, மெதுவான வெட்டு ஷாட்டுகளில் பந்து காரணமில்லாமல் தவறுகிறது என்று தோன்ற ஆரம்பித்தால், கறை குறைந்த கட்டி ஒன்றுக்குக் காசு கொடுக்கலாம். எதை எடுத்தாலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். எத்தனை ஷாட்டுக்கு ஒரு தடவை என்பது கைக்குப் பழக வேண்டும்.

கியூவும் டிப்பும் நமக்காக மட்டும் வாங்குபவை. சாக் அப்படியில்லை. நான் விட்ட கறையில் அடுத்து ஆடுகிறவரின் பந்து தவறும், அவர் விட்டதில் என்னுடையது. போட்டி ஆட்டங்களில் சொந்த சாக்கைப் பையில் வைத்துக்கொண்டு கௌரவமாக ஆடுகிற பலருக்கு, தங்கள் தூள் எதிராளியின் ஷாட்டில்போய் மாட்டுகிறது என்ற நினைப்பே இருப்பதில்லை. பந்தை அழுக்காக்காத சாக்கை எடுத்தால் எதிராளிக்கும் உதவி செய்கிறோமே என்று ஒருவர் கேட்டார். செய்கிறோம்தான். அதற்கு ஈடாக, ஆட்டம் தோற்றால் கிக் மேல் பழி போட முடியாது, ஜெயித்தால் கிக் தந்த வெற்றி என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கட்டிக்கு இதைவிட என்ன பெறுமதி வேண்டும்?