அப்பாவின் காதும் என் கண்ணும்

கலங்கல் கிராமத்தில் 1893-ல் ஜி.டி. நாயுடு பிறந்தாலும் பிறந்தார்... கோயமுத்தூர்க்காரன் எவனுக்கும் எதையாவது கழற்றிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது! நான் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஆசாமி. ஆனாலும் வீட்டில் சால்டரிங் அயர்ன் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். கிராஜுவிட்டி எப்போதோ கரைந்துவிட்டது. மெஷின் சத்தம் கொடுத்த மந்தக் காது மட்டும் அப்படியே இருக்கிறது. போன மாசம் அவருடைய காது மெஷின் ஊமையாகிவிட்டது. கடையில், "பழைய மாடலுங்க சார், புதுசே வாங்கிக்குங்க" என்றார்கள். விலையைக் கேட்ட அப்பா, மெஷினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எது கேட்டாலும் பதிலுக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ராத்திரி திறந்து பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அது ஒட்டவேண்டிய இடம் அரைக் கடுகு.

பெரிசாகக் காட்டினால் போதும் என்று நினைத்து, வாட்ச் ரிப்பேர்காரரிடம் கண்ணில் செருகுகிற பத்து மடங்கு லென்ஸை இரவல் வாங்கினேன். அங்கேதான் வினை. இருபத்தைந்து சென்டிமீட்டரை மடங்கால் வகுத்தால் எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கணும் என்பது வந்துவிடும். பத்து மடங்குக்கு இரண்டரை சென்டிமீட்டர்! அந்தச் சந்துக்குள் 350 டிகிரி அயர்ன், ஈயப்புகை, என் மூக்கு மூன்றும் எப்படிப் போகும்? புருவம் பொசுங்கியது. ஒற்றைக் கண்ணில் ஆழமும் தெரியவில்லை. ஒயர் மேல் வைத்ததாக நினைத்த முனை, மேஜையில் இருந்தது.

அடுத்து, கம்ப்யூட்டரில் செருகுகிற கேமரா மைக்ராஸ்கோப். கை முன்னே போகும், படம் கொஞ்சம் பின்னே வரும். சினிமாவில் உதடு ஒட்டாத டப்பிங் மாதிரி! செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் இரட்டைக் கண் மைக்ராஸ்கோப் அருமையான சாதனம்தான். ஏழிலிருந்து நாற்பத்தைந்து மடங்கு வரை காட்டும், அயர்னுக்கும் இடம் விடும். விலை கேட்டேன். அப்பா மாதிரியே சிரித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் ராஜவீதிப் பக்கம் தெரிந்த பத்தர் ஒருவரிடம் புலம்பினேன். என் புருவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங் தம்பி, வைரம் பார்க்கற கண்ணாடிய வெச்சுக்கிட்டுப் பத்த வெப்பாங்களா? பார்க்கறதுக்கு ஒண்ணு, வேலைக்கு ஒண்ணுங். ரெண்டு கண்ணும் தெரியோணும், கை போக எடம் இருக்கோணும்."

அவர் தலையில் மாட்டியிருந்தது போலவே நானும் ஒன்று வாங்கினேன். இரண்டரை மடங்குதான், ஆனால் பத்து சென்டிமீட்டர் இடம். பக்கவாட்டில் ஒரு மேஜை விளக்கு. வெளிச்சம் சரியாக விழுந்தால் பாதிப் பூதக்கண்ணாடி அதுவே! பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தொடு. ஒட்டிக்கொண்டது. அதை அந்தப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்துச் சரி என்று உறுதி செய்துகொண்டேன். பத்தர் சொன்ன 'பார்க்கறதுக்கு ஒண்ணு' அதுதானே!

காலையில் அப்பா காதில் மாட்டினேன். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உள்ளே அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தாள்: "காப்பி வேணுமான்னு கத்திக் கத்தி என்ற தொண்டைதான் போச்சு."

"கத்தாதே. சர்க்கரை கம்மியாப் போடு" என்றார் அப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரெண்டு வாரமாக இஷ்டத்துக்கு முணுமுணுத்துப் பழகியிருந்த அம்மா, கரண்டியோடு வெளியே வந்து என்னைத்தான் முறைத்தாள்.